செய்மதித் தொலைபேசியும் ஓய்வுக்காலச் சேமிப்பும்

2025 நவம்பர் 28ஆம் திகதிக்குப் பின் மூன்று நாட்கள் எனது கைத்தொலைபேசி நேரம் பார்ப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. ‘டித்வா’ புயலின் மழை கண்டி மலைகளைக் கரைத்துக் கொட்டிய நாட்கள் அவை. கடுகண்ணாவையில் கொழும்பு வீதி மூடப்பட்டிருந்தது. மகாவலி கம்பளையிலும் பேராதனையிலும் கரைகடந்து ஓடியது. மின்சாரம் நின்றது. ஒளியிழை வடங்கள் மண்சரிவில் அறுந்தன. தொலைபேசிக் கோபுரங்கள் மின்கலம் தீரத் தீர ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் காவுகொண்ட அந்த அனர்த்தத்தில் மிக அதிகமான உயிர்களை இழந்தது கண்டி மாவட்டமே.

பேராதனைக் கலைப்பீடத்தில் என்னோடு ஒன்றாகப் படித்த நண்பர் ஒருவர் ரொறன்ரோவில் வசிக்கிறார். அவருடைய தாயார் கம்பளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் இன்றும் இருக்கிறார். கனடாவுக்கு வா என்றால் வரமாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கும் தலைமுறை. ஐந்து நாட்கள் அந்த அம்மாவைப் பற்றிய எந்தச் செய்தியும் மகனுக்குக் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் தோட்டத்து இளைஞன் ஒருவன் சரிந்த பாதையைச் சுற்றிக் கால்நடையாகக் கம்பளைக்கு இறங்கி வந்தான். பாடசாலைக் கொப்பியில் கிழித்த தாளில் அம்மா எழுதிக் கொடுத்த தொலைபேசி இலக்கம் அவன் சட்டைப் பையில் இருந்தது. இணைப்புக் கிடைத்த ஓரிடத்தில் நின்று அவன் சொன்ன செய்தி இரண்டே சொல்: “பாட்டி சுகம்.”

அடுத்த வாரம் நண்பரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

“மச்சான், ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து இருபத்தையாயிரம் டொலரை எடுத்துச் செய்மதித் தொலைபேசிக் கம்பனியில் பங்கு வாங்கப் போகிறேன். கோபுரமெல்லாம் ஓய்ந்தால் மிஞ்சுவது வானம் ஒன்றுதான் என்பதை நீயே கண்ணால் பார்த்தாய். இனி உலகம் முழுவதும் இதற்குக் கிராக்கி வரும். பத்திரிகைக்காரன் நீ, என்ன சொல்கிறாய்?”

நான் முதலீட்டு ஆலோசகன் அல்லன். ஆனால் முப்பது ஆண்டுகளாகச் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில், செய்மதித் தொலைபேசிக் கம்பனிகளின் பிறப்பையும் இறப்பையும் மறுபிறப்பையும் செய்தியாகக் கண்டு வந்திருக்கிறேன். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களில் வேறு சிலருக்கும் இதே எண்ணம் எழுந்திருக்கக் கூடும். ஆகவே நண்பருக்கு எழுதிய பதிலை, அவர் அனுமதியுடன், சற்று விரித்து இங்கே தருகிறேன்.

நண்பரின் துயரம் உண்மையானது. அவர் கண்ட தேவையும் உண்மையானது. ஆனால் தேவை ஒன்று, வருமானம் வேறொன்று. தாகத்தால் தவிப்பவனுக்குத் தண்ணீர் தேவை என்பதை நிறுவ ஆராய்ச்சி வேண்டியதில்லை. அவனிடம் காசு இருக்கிறதா, இல்லையென்றால் அவனுக்காகக் காசு கொடுப்பவர் யார் என்பதே தண்ணீர்க் கம்பனியில் பங்கு வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. செய்மதித் தொலைபேசியின் முழு வரலாறும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

இரிடியத்தின் கதையிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவின் மோட்டரோலா நிறுவனம் முன்னின்று உருவாக்கிய கம்பனி அது. பூமியிலிருந்து 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செய்மதிகள், ஏறத்தாழ 5 பில்லியன் டொலர் செலவு. 1998 நவம்பர் முதலாம் திகதி அமெரிக்கத் துணை சனாதிபதி அல் கோர் முதல் அழைப்பை எடுத்துச் சேவையைத் தொடக்கி வைத்தார். நான் அப்போது கொழும்பில் இளம் உதவி ஆசிரியன். உலகின் எந்த மூலையிலிருந்தும் பேசலாம் என்ற செய்தியை மகிழ்ச்சியோடு மொழிபெயர்த்தது நினைவிருக்கிறது. ஒன்பது மாதங்களின் பின், 1999 ஆகஸ்ட் 13ஆம் திகதி, அதே கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

தொழில்நுட்பம் தோற்கவில்லை. சொன்னபடி செய்மதிகள் பறந்தன, சொன்னபடி பேசவும் முடிந்தது. தோற்றது கணக்கு. கருவியின் விலை ஏறத்தாழ 3,000 டொலர். பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பல டொலர்கள். செங்கல் போன்ற அந்தக் கருவியைக் கட்டடத்துக்குள் வைத்துப் பேச முடியாது, திறந்த வானம் வேண்டும். வணிகப் பயணிகள் வாங்குவார்கள் என்று திட்டமிட்டார்கள். திட்டம் போட்டுச் செய்மதி ஏவி முடிப்பதற்குள் பத்தாண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் வணிகப் பயணிகள் போகும் நகரங்களில் எல்லாம் சாதாரணக் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் முளைத்துவிட்டன. எஞ்சியவர்கள் பாலைவனத்திலும் நடுக்கடலிலும் மலைக்காடுகளிலும் இருந்தவர்கள். அவர்களிடம் 3,000 டொலர் இல்லை.

இந்த இழப்பு நம் அயலையும் தொட்டது. இந்தியாவின் நிதி நிறுவனங்கள் பல சேர்ந்து உருவாக்கிய இரிடியம் இந்தியா டெலிகொம் என்ற கம்பனி ஏறத்தாழ 70 மில்லியன் டொலரை இத்திட்டத்தில் முதலிட்டிருந்தது. தகவல் ஆவணத்தில் தவறான நம்பிக்கை ஊட்டப்பட்டது என்று அக்கம்பனி மோட்டரோலாவுக்கு எதிராகக் குற்றவியல் முறைப்பாடு செய்தது. ஒரு கம்பனிமீதும் மோசடிக் குற்றச்சாட்டுத் தொடரலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது இந்த வழக்கில்தான். சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. முதலீட்டாளர்களும் படிக்கலாம்.

அடுத்து நடந்ததுதான் முக்கியமானது. செய்மதிகளை வளிமண்டலத்தில் விழுத்தி எரித்துவிடும் நிலை வரை போனது. கடைசி நேரத்தில் டான் கொலுசி என்ற முன்னாள் விமானக் கம்பனித் தலைவரின் குழு, 5 பில்லியன் டொலர்ச் சொத்தை 25 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதாவது டொலருக்கு அரைச் சதம். அந்தக் குழுவும் தன் துணிச்சலை மட்டும் நம்பி வாங்கவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2000 டிசம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கு 72 மில்லியன் டொலர் ஒப்பந்தம் தந்தது. அந்த ஒப்பந்தமே கம்பனிக்கு உயிர்கொடுத்தது. 2019இல் அதே அரசு ஏழாண்டுகளுக்கு 738.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது. பழைய செய்மதிகளுக்குப் பதிலாக 2017 முதல் 2019 வரை புதியவை ஏவப்பட்டபோது, அதற்கான 1.8 பில்லியன் டொலர்க் கடனின் பெரும்பகுதிக்குப் பிணை நின்றது பிரான்சின் ஏற்றுமதிக் கடன் காப்புறுதி அமைப்பு.

குளோபல்ஸ்டாரின் கதையும் இதே அச்சில் வார்த்ததுதான். 2002 பெப்ரவரியில் வங்குரோத்து. 2004இல் அடிமாட்டு விலைக்கு, 43 மில்லியன் டொலருக்கு, இன்னொருவர் கைக்குச் சென்றது. நெடுங்காலம் தடுமாறிய பிறகு அதைத் தூக்கி நிறுத்தியது அப்பிள் நிறுவனம். 2022இல் ஐபோன் 14 கருவியில் கோபுரமில்லாத இடத்திலிருந்தும் அவசர உதவி கோரும் வசதி வந்தது. அதற்கான வானவழிப் பாதையைத் தந்தது குளோபல்ஸ்டார். 2024 நவம்பரில் அப்பிள் 400 மில்லியன் டொலர் கொடுத்து அக்கம்பனியின் செய்மதிப் பிரிவில் ஐந்திலொரு பங்கை வாங்கியதோடு, உட்கட்டமைப்புக்காக 1.1 பில்லியன் டொலர் வரை முன்பணம் தரவும் உடன்பட்டது. மலையில் வழிதவறியவன் அந்த வசதிக்குத் தனிக்கட்டணம் எதுவும் செலுத்தவில்லை. அவனுக்காக அப்பிள் செலுத்தியது.

இந்த இரண்டு கதைகளிலிருந்தும் நான் கற்றது இதுதான். செய்மதித் தொலைபேசிக் கம்பனியை இலட்சக்கணக்கான சிறு வாடிக்கையாளர்கள் ஒருபோதும் காப்பாற்றியதில்லை. அரசு, அல்லது அரசுக்கு நிகரான ஒரு பெருநிறுவனம்தான் காப்பாற்றியது. முதலில் பணம் போட்டவன் இழந்தான். சிதிலத்தை வாங்கியவன், அதுவும் கையில் ஒரு பெரிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வாங்கியவன், பிழைத்தான்.

“அது பழைய கதை மச்சான், இப்போது சாதாரணக் கைத்தொலைபேசியோடு செய்மதி நேரடியாகப் பேசுகிறதே” என்று நண்பர் மறுமொழி எழுதினார். நியாயமான மறுப்பு. அதை ஒதுக்கிவிட முடியாது.

அவர் மனத்தில் இருந்தது ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் என்ற அமெரிக்கக் கம்பனி. 2021இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 2023இல் அதன் சோதனைச் செய்மதி ஊடாக, எந்த மாற்றமும் செய்யாத சாதாரணக் கைத்தொலைபேசியிலிருந்து பேசிக் காட்டினார்கள். 2025 டிசம்பர் 24ஆம் திகதி, ஏறத்தாழ 6,100 கிலோகிராம் எடையும் 223 சதுர மீட்டர் அலைவாங்கியும் கொண்ட அதன் புதிய செய்மதியை இந்தியாவின் எல்விஎம்-3 ரொக்கெட் சிறீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. தமிழ்நாட்டு எல்லைக்கு அருகிலிருந்து ஏவப்பட்ட அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. கருவிக்குத் தனியாக 3,000 டொலர் வேண்டாம், பையில் உள்ள தொலைபேசியே போதும் என்றால், இரிடியத்தைக் கொன்ற முதல் காரணம் நீங்கிவிடுகிறது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பங்கின் விலையைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் 2 டொலர் அளவில் கிடந்த பங்கு அதே ஆண்டு ஆகஸ்டில் 30 டொலரைத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் அக்கம்பனியின் வணிகச் செய்மதி ஒன்றுகூட வானில் இருக்கவில்லை. முதல் ஐந்தும் செப்டெம்பரில்தான் ஏவப்பட்டன. அமெரிக்கா போன்ற சந்தைகளுக்கு இடையறாத சேவை தரவே 45 முதல் 60 செய்மதிகள் வேண்டும் என்று கம்பனியே சொல்லி வந்தது. அவற்றைச் செய்யப் பணம் வேண்டும். புதிய பங்குகளையும் கடன்பத்திரங்களையும் மீண்டும் மீண்டும் வெளியிட்டே அந்தப் பணம் திரட்டப்பட்டது. ஒவ்வொரு வெளியீட்டிலும் பழைய பங்குதாரரின் உரிமைத் துண்டு சிறிதாகிறது. ஏப்ரலில் வாங்கியவர் செல்வந்தரானார் என்பது உண்மை. நண்பர் வாங்க நினைத்தது ஏப்ரலுக்குப் பிறகு, எல்லோரும் பேசத் தொடங்கிய பின்.

இலாபம் ஈட்டும் பழைய கம்பனியின் பங்காவது பாதுகாப்பானதா? இரிடியம் பங்கு 2023இல் 60 டொலருக்கு மேல் விற்றது. 2025 இறுதியில் 20 டொலருக்குக் கீழே வந்துவிட்டது. அந்த இடைவெளியில் அதன் செய்மதிகள் ஒன்றும் விழுந்துவிடவில்லை. ஸ்டார்லிங்கை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ், கைத்தொலைபேசிகளுக்கு நேரடிச் சேவை தருவதற்காக 2025 செப்டெம்பரில் எக்கோஸ்டார் நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 17 பில்லியன் டொலருக்கு அலைவரிசை உரிமை வாங்குவதாக அறிவித்தது. போட்டிக்காரன் பெரியவன் என்றதும் சந்தை பயந்தது. செய்மதிகள் விழுவதும் உண்டு. ஆசியாவின் பெரும்பகுதிக்குச் சேவை தந்த துராயா-3 செய்மதி 2024 ஏப்ரலில் பழுதடைந்தது, மீளவில்லை. அந்தப் பரப்பில் துராயாத் தொலைபேசி வைத்திருந்தவர்கள் கையில் மிஞ்சியது விலையுயர்ந்த ஒரு பெட்டி.

வெளிநாட்டுக் கதைகள் போதும், கண்டிக்கே ஒரு செய்மதிக் கதை உண்டு. 2012 நவம்பர் 27ஆம் திகதி சீனாவின் சிசாங் ஏவுதளத்திலிருந்து சைனாசாட்-12 என்ற செய்மதி ஏவப்பட்டது. அதிலே சுப்ரீம்சாட் என்ற இலங்கைக் கம்பனி ஒரு பகுதிக் கொள்ளளவைப் பெற்று, அதற்குச் சுப்ரீம்சாட்-1 என்று பெயர் சூட்டியது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் நிலக்கட்டுப்பாட்டு நிலையமும் விண்வெளிக் கல்விக்கூடமும் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. அது தொலைபேசிக்கான செய்மதி அன்று, தொலைக்காட்சிக்கும் தரவுப் பரிமாற்றத்துக்குமானது. ஆயினும் பாடம் ஒன்றே. நாடே விண்வெளிக்குப் போய்விட்டது என்ற பெருமிதத்தில், செய்மதி யாருக்குரியது, யார் செலவழித்தார், யார் சம்பாதிக்கிறார் என்று கேட்டவர்கள் அன்று குறைவு. அந்தக் கேள்விகள் 2025இலும் பாராளுமன்றத்தில் எழுந்தன. விண்வெளி என்ற சொல் காதில் விழுந்ததும் கணக்குப் புத்தகத்தை மூடிவைக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மோட்டரோலாவுக்கும் அது இருந்தது.

இனி நண்பரின் தாயார் இருக்கும் மலைக்கே வருவோம். ஸ்டார்லிங்க் 2024 ஆகஸ்டில் இலங்கையில் உரிமம் பெற்று, 2025 ஜூலை 2ஆம் திகதி சேவையைத் தொடங்கியது. ஆரம்பத்தில் அறிவிக்கப்பட்ட வீட்டுப் பாவனைக் கட்டணம் மாதத்துக்கு 15,000 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி அந்த ஆண்டு 1,350 ரூபாய். மாதக் கட்டணம் மட்டும் பதினொரு நாள் கூலி. உபகரணத்தின் விலை தனி. அதற்கு மின்சாரமும் வேண்டும், புயலில் முதலில் போனது மின்சாரந்தான்.

புயலுக்குப் பின் ஸ்டார்லிங்க் என்ன செய்தது? டிசம்பர் முடியும் வரை பாதிக்கப்பட்ட மக்களுக்கு இலவசச் சேவை என்று அறிவித்தது. நல்ல செயல், நன்றிக்குரிய செயல். ஆனால் முதலீட்டாளராக ஒரு நிமிடம் யோசியுங்கள். தேவை உச்சத்தில் இருந்த நாட்களில் விலை பூச்சியம். அனர்த்த காலத்தில் எந்தக் கம்பனியும் பணம் கேட்க முடியாது. கேட்டால் உலகம் காறித் துப்பும். அனர்த்தமில்லாத காலத்தில் அந்த மலையில் வாங்க ஆளில்லை. அப்படியானால் அந்த ஐந்து நாள் மௌனத்தை நம்பி ஒரு கம்பனி எப்படி வருமானம் ஈட்டும்? நண்பரைப் பங்கு வாங்கத் தூண்டிய அதே நிகழ்ச்சி, அந்தப் பங்குக்கு வருமானம் தராத நிகழ்ச்சி.

ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் குடியேறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1945இல், பூமியோடு சேர்ந்து சுழலும் செய்மதிகளால் உலகமெல்லாம் தொடர்பு கொள்ளலாம் என்று எழுதினார். அவர் சொன்னது முழுவதும் பலித்தது. அந்த யோசனைக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. பலிக்கும் யோசனைக்கும் பணம் தரும் யோசனைக்கும் இடையே உள்ள தூரத்துக்கு இலங்கையிலேயே வாழ்ந்து மறைந்த சாட்சி அவர்.

அப்படியானால் செய்மதித் தொலைபேசி வேண்டாமா? வேண்டும். மிக அவசரமாக வேண்டும். ஆனால் அதை வாங்க வேண்டியவர் நண்பர் அல்லர், அரசு.

கண்டி மாவட்டத்தில் 20 பிரதேச செயலகப் பிரிவுகளும் 1,188 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன. ஒரு செய்மதித் தொலைபேசிக்கு ஆயிரம் டொலர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று கொடுக்க ஏறத்தாழ 12 இலட்சம் டொலர். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக வேண்டியதில்லை. மண்சரிவு அபாயம் உள்ள இடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமாக்கி வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தில் சிவப்பாக உள்ள பிரிவுகளிலும், வீதி துண்டிக்கப்பட்டால் தனித்துப்போகும் தோட்டங்களிலும் தொடங்கலாம். கருவியோடு ஒரு சிறு சூரியத் தகடு. யாரிடம் அது இருக்கிறது என்பது லயத்தில் உள்ள கடைசி வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை திறந்த வெளியில் நின்று மாவட்டச் செயலகத்துக்குப் பேசிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த புயலின்போது அது அலுமாரிக்குள் மின்னேற்றமின்றிக் கிடக்கும்.

இன்னொரு தடையும் உண்டு. போர்க்காலத்தில் இந்நாட்டில் செய்மதித் தொலைபேசி என்பது சந்தேகத்துக்குரிய பொருள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியின்றி ஒருவர் அதை வைத்திருக்க முடியாது. கட்டுப்பாட்டை முற்றாக நீக்கச் சொல்லவில்லை. தோட்ட வைத்தியசாலை, பாடசாலை, தொண்டர் அமைப்பு ஆகியவற்றுக்கு விரைவாக அனுமதி கிடைக்க ஒரு வழி வேண்டும் என்கிறேன். 2024இல் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி ஸ்டார்லிங்குக்குக் கதவைத் திறக்க முடிந்த அரசுக்கு இது பெரிய காரியமன்று.

இவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய, செய்மதியின் கவர்ச்சி இல்லாத, மலிவான வேலைகள் உள்ளன. கோபுரங்களுக்குக் கூடுதல் மின்கலம், மின்பிறப்பாக்கிக்கு டீசல், கண்டிக்கு வரும் ஒளியிழை வடத்துக்கு மாற்றுப் பாதை. நூறு பேர் ஒரே நேரத்தில் பேச வேண்டுமென்றால் இவைதான் உதவும். செய்மதித் தொலைபேசி கடைசிக் கயிறு. கடைசிக் கயிறு ஒவ்வோர் ஊரிலும் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவே.

நண்பருக்கு நான் எழுதிய முடிவுரை இதுதான். பங்கு வாங்குவதானால் முழுவதும் போனாலும் உறக்கம் கெடாத அளவு பணத்தை மட்டும் போடு. போடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடு. இந்தக் கம்பனிக்கு உண்மையில் பணம் தரும் பெரிய கை எது? அந்த ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? செய்மதிகள் வயதாகி விழும்போது புதியவற்றுக்குப் பணம் யார் தருவார், உன் பங்கைச் சுருக்கியா? இவற்றுக்கு விடை கிடைக்காவிட்டால் நீ வாங்குவது பங்கு அன்று, அந்த ஐந்து நாள் பயத்துக்கு ஒரு மாற்று மருந்து. அந்த மருந்து உன் அம்மாவுக்கு வேலை செய்யாது.

நண்பர் பங்கு வாங்கவில்லை. என் பேச்சைக் கேட்டா, மனைவி பேச்சைக் கேட்டா என்று தெரியாது. அதில் ஒரு சிறு பகுதியைத் தோட்டத்துப் பாடசாலைக்குச் சூரியத் தகடும் மின்கலமும் வாங்க அனுப்பியிருக்கிறார். கோபுரம் இயங்கினால் ஐம்பது வீட்டுத் தொலைபேசிகளுக்கு அங்கே மின்னேற்றலாம். கோபுரம் இயங்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கான விடை ரொறன்ரோவில் இல்லை. அது கண்டி மாவட்டச் செயலகத்திலும் கொழும்பில் திறைசேரியிலும் இருக்கிறது. அடுத்த பருவமழைக்கு முன் அங்கே யாராவது அந்தக் கணக்கைப் போட்டால் நல்லது.